முதலில் வலியை நிறுத்துங்கள்: பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். உணவு உண்ணுதல் கோளாறு உள்ள ஒரு பதின்வயதுப் பெண்ணின் அம்மா நான். சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றும் வகை அவளுக்கு. புலிமியா என்று சொல்வார்கள். மனநல மருத்துவரும் உணவு ஆலோசகரும் சேர்ந்து சிகிச்சை தருகிறார்கள், அதில் எங்களுக்குக் குறையில்லை. இந்த மடல் உங்களுக்கு. நான் கேட்க வந்தது ஒன்றுதான்: இப்படிப்பட்ட ஒரு பிள்ளை பல் வலியோடு உங்களிடம் வந்தால், அந்த வலியை முதலில் நிறுத்துங்கள். கோளாறு குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

நாங்கள் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். மேல்வரிசை முன்பற்களில் கூச்சம் தாங்க முடியாமல் போனபோது அவளை ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பொறுமையாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "வாந்தி நிக்காம இதுல என்ன ஒட்டினாலும் நிக்காதும்மா. முதல்ல அதை நிறுத்திட்டு வாங்க" என்றார். அதில் மருத்துவ நியாயம் இருக்கிறது. கேப், வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு) போன்ற நிரந்தர வேலைகளை வாந்தி கட்டுக்குள் வந்த பிறகு செய்வதுதான் முறை. அமிலம் தொடர்ந்து பட்டுக்கொண்டிருந்தால் அதன் ஓரங்கள் அரித்து, போட்டதெல்லாம் வீணாகும். ஆனால் பெரிய வேலையைத் தள்ளிப்போடுவது வேறு, வலியைத் தள்ளிப்போடுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. அன்று எங்களுக்குக் கிடைத்தது ஒரு பேஸ்டின் பெயர் மட்டும்.

வீட்டில் அந்த வலி என்ன செய்கிறது என்பது சிகிச்சை அறையில் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் கோளாறிலிருந்து மீள முதல் மருந்தே சாப்பாடுதான். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி, எல்லாம் நேரம் தவறாமல். பட்டினி கிடந்தால் அடுத்து கட்டுப்பாடில்லாமல் சாப்பிடத் தோன்றும், சாப்பிட்டதும் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்னும், அது வாந்தியில் கொண்டுபோய் விடும். இந்தச் சுழலை உடைக்கத்தான் நேரத்துக்குச் சாப்பாடு. தட்டைப் பார்த்தாலே பயப்படுகிற பிள்ளையை ஒரு வாய், இன்னொரு வாய் என்று சாப்பிட வைப்பதற்குள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும்.

அந்த ஒரு வாய் பல்லில் பட்டதும் சுரீர் என்று இழுத்தால் என்ன ஆகும்? என் மகள் டம்ளரை உதட்டின் இடது ஓரத்தில் சாய்த்து, நாக்கு நுனியை முன்பற்களின் பின்னால் அழுத்தி வைத்துக்கொண்டுதான் தண்ணீர் குடிப்பாள். கரண்டி பல்லில் பட்டுவிடாமல் இருக்க உதடுகளை உள்ளே மடித்துக்கொள்வாள். காற்று பட்டாலும் கூசும் என்பதால் பேசும்போது மேலுதட்டைக் கீழே இழுத்து வைத்தபடியே பேசுவாள். ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பல்லு வலிக்குதும்மா, அதான் சாப்பிடல" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய கோளாறுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. எது வலி, எது பயம் என்று அவளாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, எங்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வலியை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது பயம் என்று தெரிந்துவிடும். பயத்தைப் பார்த்துக்கொள்ள மனநல மருத்துவர் இருக்கிறார். வலியை எடுக்க உங்களை விட்டால் யாரும் இல்லை. நீங்கள் செய்யும் வேலை பல்லோடு நிற்பதில்லை, அவளுடைய சாப்பாட்டுச் சிகிச்சையில் அது ஒரு பாதி என்று நான் சொல்வது இதனால்தான்.

சொத்தையே இல்லாமல் எப்படி இவ்வளவு வலிக்கும் என்று பலர் எங்களைக் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இந்த மடலை வாசிக்கும் மற்ற பெற்றோருக்காக எழுதுகிறேன். பல்லின் மேல்உறையான எனாமல்தான் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். ஆனாலும் வாயில் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். வயிற்று அமிலத்தின் பிஎச் 1, 2 என்ற அளவுக்குக்கூட இறங்கக்கூடியது. எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். வாந்தி வரும்போது நாக்கு கீழ்ப்பற்களை ஓரளவு மூடிக்கொள்கிறது. அதனால் அடி விழுவது பெரும்பாலும் மேல்வரிசை முன்பற்களின் உட்புறத்தில். வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வழக்கம்போலவே இருக்கும். உங்கள் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் பல்லின் பின்பக்கம் வழுவழுவென்று தேய்ந்து, உள்ளிருக்கும் டென்டின் மஞ்சளாகத் தெரியும். டென்டின் முழுக்க நுண்குழாய்கள். குளிரோ காற்றோ பட்டால் அவற்றில் இருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. வளரும் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் பல்கூழ் அறை, அதாவது நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கும் உள்ளறை, பெரியது, மேற்பரப்புக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே தேய்மானம் சீக்கிரம் அதை நெருங்கிவிடும். எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. போன எனாமல் திரும்ப வளராது என்பதுதான் இதில் பெற்றோருக்குத் தாங்க முடியாத செய்தி. அதை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

பல நேரங்களில் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்றை முதலில் பார்ப்பவர்கள் நீங்கள்தான். காதுக்கு முன்னும் கீழும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வலியில்லாமல் வீங்கி, கன்னம் உப்பியிருக்கலாம். அண்ணத்தில் கீறல் இருக்கலாம், வாயோரம் வெடித்திருக்கலாம். புலிமியாவை 1979-ல் முதன்முதலில் விவரித்த மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல், விரலை வாய்க்குள் விட்டு வாந்தியெடுப்பதால் விரல் முட்டிகளில் காய்ப்பும் தழும்பும் இருப்பதைக் குறிப்பிட்டார். ஒல்லியாக இருக்கும் பெண்பிள்ளைகளுக்குத்தான் இது வரும் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். ஆண்பிள்ளைகளுக்கும் வருகிறது. எடை சரியாக இருக்கும் பிள்ளைகளுக்கும் வருகிறது, புலிமியாவில் அது சர்வசாதாரணம். அதே சமயம் பல்லின் தேய்மானத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடவும் முடியாது. அமிலம் எதுக்களிக்கும் பிள்ளைகளுக்கும், புளிப்பான பானங்களை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் பிள்ளைகளுக்கும் பல் தேயும்.

அதனால் கேளுங்கள், ஆனால் பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்கிற குரலில் வேண்டாம். "உன் பல்லோட உள்பக்கம் அமிலம் பட்ட மாதிரி தேஞ்சிருக்கு. நெஞ்செரிச்சலால வரலாம், குடிக்கிற பானத்தால வரலாம், அடிக்கடி வாந்தி எடுத்தாலும் வரலாம். உனக்கு இதுல ஏதாவது இருக்காம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். அன்றைக்கே பதில் வராது. வராவிட்டாலும் பரவாயில்லை, இவரிடம் சொல்லலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றிவிட்டால் அடுத்த முறை வரும். சொல்லிவிட்டால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறும். அது உயிருக்கே ஆபத்து. உனக்குத் தெரியாமல் எதையும் சொல்ல மாட்டேன், வீட்டில் எப்படிச் சொல்வது என்று சேர்ந்து யோசிக்கலாம் என்று சொல்வது நேர்மையான வாக்கு. பிள்ளைகள் அந்த நேர்மையை மதிக்கிறார்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கோபம் வரவைக்கலாம். இனிப்பைக் குறை, சாப்பாட்டுக்கு நடுவில் எதையும் கொறிக்காதே என்பது நீங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லும் அறிவுரை. பல்லுக்கு அது சரியான அறிவுரைதான். என் மகளைப் போன்ற பிள்ளைகளிடம் மட்டும் அதைச் சொல்லாதீர்கள். கோளாறு ஏற்கெனவே அவள் தலைக்குள் அதைத்தான் இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மருத்துவரே சொல்லிவிட்டார் என்று ஆகிவிட்டால், உணவு ஆலோசகர் மாதக்கணக்கில் கெஞ்சிச் சேர்த்துவைத்த சிற்றுண்டி ஒரே நாளில் தட்டிலிருந்து மறைந்துவிடும். இன்ன வேளைக்கு இன்னது சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. அதில் இனிப்பும் இருக்கும். பயந்து ஒதுக்கிய உணவுகளைத் திரும்பச் சாப்பிடப் பழக்குவதும் சிகிச்சைதான். அந்தத் திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு பல்லைக் காப்பாற்றும் வழியைச் சொல்லுங்கள்: சாப்பிட்ட பின் தண்ணீரால் வாய் கொப்பளிப்பது, ஃபுளோரைடு, அடிக்கடி வந்து காட்டுவது. உணவில் ஏதாவது மாற்றியே ஆக வேண்டும் என்று உங்களுக்குப் பட்டால் பிள்ளையிடம் சொல்லாமல் உணவு ஆலோசகரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். எடையைப் பற்றியும் எதுவும் வேண்டாம். "இளைச்சிட்டியே" என்பதும் "இப்பதான் கன்னம் வச்சு அழகா இருக்கே" என்பதும் நீங்கள் பிரியமாகச் சொல்வதாக இருக்கலாம், அவள் காதில் அது வேறு மாதிரி விழும்.

பல் எல்லாம் கொட்டிவிடும் என்று பயமுறுத்துவதும் பலிக்காது. பயமுறுத்தி நிறுத்தக்கூடிய பழக்கமாக இருந்தால் பெற்றோர்கள் நாங்களே எப்போதோ நிறுத்தியிருப்போம். பயந்த பிள்ளை வாந்தியை நிறுத்துவதில்லை, உங்களிடம் வருவதைத்தான் நிறுத்துகிறது.

பல் தேய்ப்பதைப் பற்றி அவசியம் பேசுங்கள். வாந்தியெடுத்த உடனே அழுத்தி அழுத்திப் பல் தேய்ப்பது இந்தப் பிள்ளைகளிடம் உள்ள வழக்கம். வாய் நாற்றம் போக வேண்டும், வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்கிற தவிப்பு. அமிலம் பட்டு மெத்தென்று ஆகியிருக்கும் எனாமலை அந்த நேரத்தில் பிரஷ் வைத்துத் தேய்த்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். வெறும் தண்ணீரிலோ, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்தோ, ஃபுளோரைடு மவுத்வாஷிலோ கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து மென்மையான பிரஷால் தேய்க்க வேண்டும் என்பதை யாராவது அவளிடம் நேராகச் சொல்லியாக வேண்டும். வாந்திக்கு அனுமதி கொடுத்தது போல ஆகிவிடுமோ என்று தயங்குகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். கொப்பளிக்கத் தெரிந்ததால் எந்தப் பிள்ளையும் கூடுதலாக வாந்தி எடுக்கப்போவதில்லை. தெரியாமல் இருந்தால் மிச்சமிருக்கும் எனாமலும் போகும், அவ்வளவுதான். என் மகளுக்கு இதைச் சொன்னது பிறகு நாங்கள் போன இரண்டாவது பல் மருத்துவர். அவர், "நல்லாகிற வரைக்கும் இருக்கிற பல்லைப் பத்திரமா வச்சுக்குவோம்" என்றும் சேர்த்துச் சொன்னார். அவள் நல்லாகிவிடுவாள் என்று ஒருவர் எடுத்துக்கொண்டே பேசியது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த இரண்டாவது மருத்துவரைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். உட்கார்ந்ததும், "உனக்கு வேண்டாம்னு தோணினா இடது கையைத் தூக்கு, நான் நிறுத்திடுவேன்" என்றார். அவள் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது போலக் கையைத் தூக்கினாள், அவர் உடனே கருவியை வெளியே எடுத்துவிட்டார். அண்ணத்தில் கருவி பட்டால் அவளுக்குக் குமட்டும், குமட்டலோடு சேர்ந்து வேறு எல்லாமும் நினைவுக்கு வரும். அதனால் நாற்காலியை முழுதாகச் சாய்க்கவில்லை. தலைக்கு மேலிருந்த விளக்கில் முகம் பிரதிபலிப்பதைப் பார்த்து அவள் கண்ணை மூடிக்கொண்டதைக் கவனித்து விளக்கைத் திருப்பினார். முதலில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசினார். சாதாரண பேஸ்டில் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு இருக்கும் என்றால் வழக்கமான வார்னிஷில் 22,600 பிபிஎம் இருக்கிறது. அப்புறம் பல்லை ராவாமல், தேய்ந்த உட்புறத்தின் மேல் பல் நிறக் கம்போசிட் என்ற பிசினை மெல்லியதாகப் பூசி மூடினார். இது தற்காலிகம், தேயலாம், விழலாம், விழுந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பற்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டார், அடுத்த முறை தேய்மானம் நின்றிருக்கிறதா கூடியிருக்கிறதா என்று ஒப்பிட. படத்தைப் பார்க்கிறாயா என்று அவளைக் கேட்டார். வேண்டாம் என்றாள். சரி என்று மூடி வைத்துவிட்டார்.

அதனால் கோளாறு போய்விடவில்லை. ஆனால் அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் பல் என்ற பேச்சு வரவில்லை. தண்ணீரை டம்ளரின் நடுவிலிருந்து குடித்தாள். சாப்பிட மறுத்த வேளைகளில், மறுப்பது பயத்தினால் என்று எங்களுக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. உணவு ஆலோசகர் அதன் பிறகுதான் வேகமாக முன்னே போக முடிந்தது.

வலி மாத்திரை விஷயத்தில் உங்கள் கவனம் எங்களுக்கு வேண்டும். வெறும் வயிற்றில் இருக்கிற, வாந்தியால் உடம்பில் நீர் வற்றிய பிள்ளைக்கு ஐபுப்ரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். சரியாகச் சாப்பிடாமல் மெலிந்த பிள்ளைக்குப் பாராசிட்டமால் வழக்கமான அளவிலேயே கல்லீரலுக்குச் சுமையாகலாம். வயதைக் கேட்டு எழுதிக் கொடுக்காமல், இன்றைய எடையைத் தெரிந்துகொண்டு, அவளைப் பார்க்கும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். எடையை அவள் முன்னால் கேட்காதீர்கள். எங்களிடம் தனியாகக் கேளுங்கள். மயக்கம் கொடுத்துச் செய்யும் வேலை என்றால் பொட்டாசியம் அளவும் இதயத்துடிப்பும் பார்க்காமல் தொடங்க வேண்டாம். அதற்கு முன்பு மணிக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பட்டினி இவளுக்கு எப்படிப்பட்டது என்று அவளுடைய குழுவோடு முன்கூட்டியே பேசி, காலையில் முதல் ஆளாக நேரம் கொடுங்கள்.

மற்ற நாட்களிலும் நேரம் முக்கியம். மரத்துப்போக ஊசி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும், சாப்பிடாமல் இருக்க அது ஒரு நல்ல காரணமாகிவிடும். சாப்பாடு முடிந்த கையோடு வரும்படி நேரம் கொடுத்தால் அடுத்த சிற்றுண்டிக்குள் மரப்பு இறங்கிவிடும். பல் எடுத்தாலோ வேர் சிகிச்சை செய்தாலோ, "ரெண்டு நாளைக்கு லேசா ஏதாவது குடிச்சா போதும்" என்று போகிற போக்கில் சொல்லிவிடாதீர்கள். அந்த இரண்டு நாள் இரண்டு வாரமாக நீளும். எந்த வேளையும் விடக் கூடாது, மெத்தென்ற உணவாக முழு அளவு சாப்பிட வேண்டும், இந்தத் தேதியிலிருந்து வழக்கமான சாப்பாடு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நாங்கள் சொன்னால் வாக்குவாதம், உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

பல் மருத்துவக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தேய்ந்த பல்லைப் பார்த்து அடையாளம் காண மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறீர்கள். அதைப் பார்த்த பிறகு அந்தப் பிள்ளையிடம் வாய் திறந்து எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர் கேட்டுப் பழகட்டும். யாருக்குக் கடிதம் எழுதி அனுப்புவது, என்ன எழுதுவது என்பதும் தேர்வில் வரட்டும். தேர்வில் வந்தால்தான் படிப்பார்கள்.

கடைசியாக, உங்கள் வரவேற்பறையில் இருப்பவர்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள். இந்தப் பிள்ளைகள் கொடுத்த நேரத்துக்கு வராமல் போவார்கள். மருத்துவமனையில் சேர்த்திருப்போம், அல்லது முந்தின இரவு வாந்தியெடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருப்பாள். இரண்டு முறை வரவில்லை என்று பெயரை அடித்துவிடாதீர்கள். ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்காமல், அடுத்து எந்த நாள் வசதிப்படும் என்று மட்டும் கேளுங்கள்.

நன்றியுடன்,
ஒரு தாய்